வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர்ல இலை என்ன பண்ணுது

எங்க வீட்டு மொட்ட மாடில சோலார் மாட்ட வந்த தம்பி வேலை முடிச்சிட்டு டீ குடிச்சிகினே ஒண்ணு சொன்னாரு. "அக்கா, செடி மரமெல்லாம் வெயில்ல ஒரு பர்சன்ட் தான் எடுத்துக்குது, நம்ம பேனல் இருபது பர்சன்ட் எடுக்குது, வேலூர் வெயிலுக்கு செடிய விட இதான் கரெக்ட்டு." அவர் சொன்ன கணக்குல தப்பு இல்ல, கழனில நிக்கற பயிருங்க பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு சதவீதத்த தாண்டறதில்ல தான். ஆனா அந்தப் பேச்சு என் மனசுக்கு ஒப்பவே இல்ல. இவ்ளோ வெயில் கொட்டற ஊர்ல ஏன் செடி அத புடிச்சு வெச்சிக்க மாட்டேங்குது, முடியலையா, வேணாம்னு விடுதா, இல்ல நமக்குத் தெரியாத வேற ஏதாவது கணக்கு ஓடுதா? இந்தக் கேள்விய மனசுல வெச்சிகினே இந்தக் கோடை பூரா கெடைச்சதெல்லாம் படிச்சேன், தோட்டத்தையும் கொல்லியையும் பாத்துகினே இருந்தேன், அதத்தான் இங்க எழுதறேன்.

ஒளிச்சேர்க்கை நாம எல்லாரும் ஸ்கூல்ல படிச்சது தான். பச்சையம், சூரிய ஒளி, தண்ணி, கார்பன் டை ஆக்சைடு, கடைசில குளுக்கோஸும் ஆக்சிஜனும், படம் வரைஞ்சு பாகம் குறிச்சா அஞ்சு மார்க்கு. அந்தப் படத்துல இல்லாதது ஒண்ணே ஒண்ணு தான், இது எந்த ஊர்ல நடக்குதுங்கறது. சுத்தி மொட்டப் பாறை மலை, வருஷத்துல முக்காவாசி நாள் மணலா கெடக்கற பாலாறு, கத்திரி வெயில்ல 40 டிகிரிய சாதாரணமா தாண்டற ஊரு, ராத்திரி ஒம்பது மணிக்கும் செவுத்துல கைய வெச்சா சுடும். இங்க நிக்கற ஒரு இலைக்கு வெளிச்சம் ஒரு பொருட்டே இல்ல. அதுக்கு தட்டுப்பாடு வேற எடத்துல.

முதல்ல வெளிச்சத்தப் பத்தி. சூரியன்ல இருந்து வர்றதுல பாதிக்கு மேல இலைக்கு ஒதவாத கதிரு தான், அது கழிஞ்சு போச்சு. மிச்சத்துலயும் ஒரு கார்பன் டை ஆக்சைட சர்க்கரையா மாத்த கொறஞ்சது 8 ஒளித்துகள் செலவாகுது. இப்படி ஒவ்வொண்ணா கழிச்சிகினே போனா, எல்லாம் ஒழுங்கா நடந்தா கூட நெல்லு மாதிரி பயிருக்கு 4.6 சதவீதம், கரும்பு மாதிரி பயிருக்கு 6 சதவீதம், இதான் உச்சம்னு கணக்கு போட்டு வெச்சிருக்காங்க. அதுவும் நெல்லு இலை தனியா ஒண்ண எடுத்துகினா முழு வெயில்ல காவாசியோ பாதியோ கெடைச்சாலே அதுக்கு வயிறு நிறைஞ்சிடும். அதுக்கு மேல விழறது உதவி இல்ல, தொந்தரவு. இலை அந்த மிச்ச வெளிச்சத்த சூடா மாத்தி வெளிய தள்ளணும், அதுக்குன்னே மஞ்சள் நிறமி ஒண்ணு உருமாறி வேலை செய்யுது. அப்படியும் தண்ணிய ஒடைக்கற எடத்துல இருக்கற டி-1 ன்னு ஒரு புரதம் கருகிகினே இருக்கும், கடும் வெயில்ல அரை மணிக்கு ஒரு தடவ போல அத கழட்டிட்டு புதுசு மாட்டுது. நாம நெழலுக்கு ஓடறோம், அது நின்ன எடத்துலயே தன்ன ரிப்பேர் பண்ணிகினு நிக்குது. இந்த ஒண்ணுக்கே நான் அந்த சோலார் தம்பி கிட்ட வாதாடுவேன். பேனலோட இருபது கூட 25 டிகிரில டெஸ்ட் பண்ணி எழுதின நம்பரு தான், மே மாசத்துல தகடு 60 டிகிரிய தொட்டா அதுவும் டிகிரிக்கு கொஞ்சம்னு எறங்கும், கருகினா தானா புதுப்பிச்சிக்கவும் அதால முடியாது.

தண்ணிய ஒடைக்கறதுன்னு சொன்னேன்ல, அத கொஞ்சம் நின்னு சொல்லணும். நாம இழுக்கற ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடுல இருந்து பிரிஞ்சு வருதுன்னு தான் ரொம்ப நாள் பெரிய பெரிய ஆளுங்களே நெனச்சிருந்தாங்க. 1941-ல ரூபன், கேமன்னு அமெரிக்க விஞ்ஞானிங்கல்லாம் சேர்ந்து கனமான ஆக்சிஜன் அணு இருக்கற தண்ணிய பாசிக்குக் குடுத்துப் பாத்தாங்க, வெளிய வந்த ஆக்சிஜன்ல அதே கனமான அணு இருந்துது. அப்போ அது தண்ணில இருந்து தான் வருது. நாலு மாங்கனீசு ஒரு கால்சியம் சேர்ந்த துக்குணூண்டு கொத்து ஒண்ணு, ஒவ்வொரு ஒளித்துகளா வாங்கி, நாலாவது வந்ததும் ரெண்டு தண்ணி மூலக்கூற பிச்சு ஒரு ஆக்சிஜன் மூலக்கூற வெளிய விடுது. ஆனா இதுக்கு ஆவற தண்ணி கொசுறு. பெரிய செலவு வேற எடத்துல இருக்கு.

கதவு தொறந்தா தண்ணி போவுது

இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கு, இலைத்துளை. ரெண்டு காவல் செல்லு உப்பினா தொறக்கும், தளர்ந்தா மூடும். காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு உள்ள வரணும்னா அது தொறந்தே ஆவணும், அதுவோ காத்துல பத்தாயிரத்துல நாலு பங்கு போல தான் இருக்கு. இலைக்குள்ள ஈரம் நூத்துக்கு நூறு, வெளிய நம்ம ஊரு மத்தியானக் காத்து காஞ்ச காத்து. தொறந்த நிமிஷமே தண்ணி வெளிய ஓடும். நெல்லு, மல்லாட்டை (வேர்க்கடலை), கத்திரி மாதிரி செடிங்க ஒரு கார்பன் டை ஆக்சைடு உள்ள வாங்கறதுக்கு ஏறக்கொறைய 400 தண்ணி மூலக்கூற விட்டுக்குடுக்குதுன்னு பாடப் புத்தகத்துலயே போட்டிருக்கு. வேரு உறிஞ்சற தண்ணில நூத்துக்கு 97 பங்குக்கு மேல இப்படி ஆவியா தான் போவுது.

அணைக்கட்டுன்னு ஒரு ஊரு, அது பக்கம் எங்க சித்தப்பா கொல்லியில (மேட்டு நெலத்துல) மல்லாட்டை போட்டிருந்தாரு. காலைல ஏழு மணிக்குப் போனா இலை எல்லாம் விரிஞ்சு சூரியனப் பாத்துகினு இருக்கும். பன்னெண்டு மணிக்கு அதே பாத்தில நின்னா ஒவ்வொரு காம்புலயும் இருக்கற நாலு இலையும் ரெண்டு ரெண்டா ஒட்டிகினு, வெயில் படாம வெளிம்ப மட்டும் மேல காட்டிகினு நிக்கும், செடியே எளச்சுப் போன மாதிரி தெரியும், கீழ மண்ணு பளிச்சுனு தெரியும். வாடிப் போச்சோன்னு பாத்தா இல்ல, தொட்டா இலை வெறப்பா தான் இருக்கு. நாலு மணிக்கு மேல மறுபடியும் விரிஞ்சுக்கும். "அது அப்டித்தான்மா, வெயிலுக்கு மடிச்சிக்கும், சாயந்தரம் தொறந்துக்கும்"னு சித்தப்பா சாதாரணமா சொல்லிட்டு மம்பட்டிய எடுத்துகினு போயிட்டாரு. எனக்கு அங்கருந்து நகர மனசே வரல. நாள்ல வெளிச்சம் உச்சத்துல இருக்கற நேரம் பாத்து செடி கடைய சாத்துது, தண்ணிக் கணக்குல அந்த நேரம் கட்டுப்படி ஆவல.

சாத்தினா மட்டும் விட்டுதா, உள்ள வேற பிரச்சனை ஆரம்பிக்குது. கார்பன் டை ஆக்சைட புடிச்சு சர்க்கரைப் பாதைல ஏத்தற நொதிக்கு ரூபிஸ்கோன்னு பேரு, உலகத்துலயே ரொம்ப அதிகமா இருக்கற புரதங்கள்ல ஒண்ணு. ஆனா மெதுவு, நொடிக்கு மூணு நாலு தடவ தான் வேலை செய்யும். அத விடப் பெரிய கொறை, கார்பன் டை ஆக்சைடு எது ஆக்சிஜன் எதுன்னு அதுக்கு சரியா பிரிச்சுப் பாக்கத் தெரியாது. மொறத்துல அரிசி பொடைக்கும்போது அரிசி நிறத்துலயே கல்லு இருந்தா கை எப்படித் தடுமாறும், அப்படி. 25 டிகிரில மூணு நாலு தடவைக்கு ஒரு தடவ ஆக்சிஜன எடுத்துப் போட்டுக்கும். போட்டதும் உருப்படாத ஒரு சரக்கு உண்டாகும், அத சரி பண்ண இலை ஏற்கெனவே சேத்து வெச்ச கார்பனையே திரும்பக் காத்துல விட வேண்டி வரும். சூடு ஏற ஏற இந்தத் தடுமாற்றம் கூடும், கதவ சாத்திட்டா உள்ள ஆக்சிஜன் தேங்கி இன்னும் கூடும். ரூபிஸ்கோவ கொறை சொல்லவும் எனக்கு மனசு வரல. காத்துல ஆக்சிஜனே சொல்லிக்கற அளவு இல்லாத காலத்துல உருவானது அது, அப்போ இந்தத் தடுமாற்றத்தால நஷ்டமே கெடையாது. செடிங்களும் பாசிங்களும் விட்ட ஆக்சிஜனே பின்னாடி அதுக்கு எதிரா வந்து நின்னுச்சு.

இந்தப் பாதைய கண்டுபுடிச்ச கதையில ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். 1940-கள் கடைசில இருந்து கலிஃபோர்னியால கால்வின், பென்சன், பாஷம் குழு கதிரியக்க கார்பன பாசிக்குக் குடுத்து, சில நொடிக்குள்ள அத கொதிக்கற ஆல்கஹால்ல விட்டு, எந்தப் பொருள்ல கார்பன் மொதல்ல ஏறுதுன்னு பாத்தாங்க. மூணு கார்பன் இருக்கற பொருள் தான் மொதல்ல வந்துது, அதனால தான் நெல்லு மாதிரி செடிங்கள சி-3 ன்னு சொல்றாங்க. 1961-ல நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் போச்சு. பென்சனோட பங்கு அதுல அவ்ளோ இருந்தும் அவர் பேரு விட்டுப்போனது எனக்கு இன்னிக்கும் வருத்தமா இருக்கு, அதனால இத பென்சன்–கால்வின் சுழற்சின்னு யாராச்சும் சொன்னா சந்தோஷமா இருக்கும்.

ரணகள்ளி

காட்பாடி வீட்டுல எங்க ஆயா பின்பக்கம் தொட்டில ரணகள்ளி வெச்சிருக்கு. தடிச்ச இலை, ஓரத்துல பல்லு பல்லா இருக்கும், இலை கீழ விழுந்தா அந்தப் பல்லு ஒவ்வொண்ணுல இருந்தும் குட்டிச் செடி மொளைக்கும். சிறுநீரகக் கல்லு கரையும்னு பக்கத்துத் தெருவுல இருந்தெல்லாம் வந்து பறிச்சிகினு போவாங்க. கரையுதோ இல்லையோ அதப் பத்தி நான் பேச வரல. ஆயா ஒண்ணு சொல்லும், "விடியக்காலைலயே பறிச்சிக்கோ, வெயில் ஏறிடுச்சுன்னா அதுல ஒண்ணுமில்ல." நான் ஏன்னு கேட்டதுக்கு "அப்ப தான் புளிப்பா இருக்கும், பொறவு சப்புனு ஆயிடும்"னு சொல்லிச்சு.

இந்த வருஷம் தான் அத வாயில வெச்சுப் பாத்தேன். வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி இலை ஓரத்துல ஒரு துண்டு கிள்ளி நாக்குல வெச்சேன், புளிச்சக்கீரைத் தண்டு மெல்லும்போது கன்னம் உள்ள இழுக்குமே, அந்தப் புளிப்பு. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி அதே இலையோட மறு ஓரம், புளிப்பு சுத்தமா இல்ல, வெறும் தழை வாசனை. சாயந்தரம் லேசா கசப்பு. மறுநாள் விடியக்காலைல மறுபடி புளிப்பு. (கிள்ளிப் பாத்துட்டு துப்பிடணும், தின்னுக் கொட்டற இலை இல்ல இது, இதயத்துக்கு ஆவாத பொருள் இதுல இருக்கு.)

அப்புறம் படிக்கும்போது தான் பெஞ்சமின் ஹெய்ன் பேரு வந்துது. கிழக்கிந்தியக் கம்பெனில தாவரவியல் ஆளா சென்னை மாகாணத்துல இருந்தவரு, 1819-ல சென்னையிலயே செத்தும் போனாரு. அவரு இதே செடியோட இலைய காலைல மென்னு பாத்தா புளிக்குது, மத்தியானம் ருசியே இல்ல, சாயந்தரம் லேசா கசக்குதுன்னு ஒரு கடுதாசில எழுதினாரு, 1815-ல லண்டன்ல இருக்கற லின்னேயன் சங்கங்கற இயற்கை ஆராய்ச்சிக் கூட்டத்தோட இதழ்ல அது அச்சாச்சு. அத படிச்சதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. எந்தக் கருவியும் இல்ல, நாக்கு ஒண்ணு தான். எங்க ஆயாவுக்குத் தெரிஞ்சது தான் அந்தத் தாள்லயும் இருக்கு.

அந்தப் புளிப்பு மாலிக் அமிலம். ரணகள்ளி ராத்திரில தான் இலைத்துளைய தொறக்குது, காத்து அப்ப கொஞ்சமாச்சும் குளிர்ந்து ஈரமா இருக்கும். உள்ள வர்ற கார்பன் டை ஆக்சைட அமிலமா மாத்தி செல்லுக்குள்ள சேத்து வெச்சிக்குது, விடியறப்போ இலை பூரா புளிப்பு. சூரியன் வந்ததும் கதவ சாத்திட்டு, அந்த அமிலத்த ஒடைச்சு கார்பன் டை ஆக்சைட உள்ளுக்குள்ளயே எடுத்து, வெளிச்சத்த வெச்சு சர்க்கரை பண்ணுது. மத்தியானத்துல சப்புனு ஆயிடறது அதனால தான். நெல்லுக்கு 400 தண்ணி செலவாகற எடத்துல இந்த மாதிரி செடிக்கு 50 போல தான் ஆவுது. கத்தாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி, பிரண்டைத் தண்டு எல்லாம் இதே வழி. மலைப் பாறை இடுக்குல மண்ணே இல்லாத எடத்துல பிரண்டை எப்படிப் பச்சையா நிக்குதுன்னு இனிமே எனக்கு யாரும் சொல்ல வேணாம்.

என் கேள்வி இங்க தான் தெளிஞ்சுது. காத்து வாங்கற வேலையும் வெளிச்சம் வாங்கற வேலையும் ஒரே நேரத்துல நடந்தே ஆவணும்னு ஸ்கூல் படம் நம்ம தலையில பதிச்சு வெச்சிருக்கு. இந்தச் செடி ரெண்டையும் பிரிச்சு ஒண்ண ராத்திரிக்கும் ஒண்ண பகலுக்கும் வெச்சிடுச்சு. இது வேகமா வளராது, ராத்திரி சேத்த அளவுக்கு தான் பகல்ல வேலை. ஆனா சாவாது. இந்த ஊர்ல ஒரு இலை எத்தன சதவீதம் வெயில புடிக்குதுன்னு கேக்கறத விட, புடிச்ச சதவீதத்துக்கு எவ்ளோ தண்ணி குடுத்துதுன்னு கேக்கறது தான் நியாயமான கேள்வி.

கேவுரும் கரும்பும்

இதே மாலிக் அமிலத்த இன்னொரு கூட்டம் வேற விதமா கையாளுது. ஹவாயில கரும்பு ஆராய்ச்சி பண்ண கோர்ட்சாக்கும், சோவியத்துல மக்காச்சோளத்துல பாத்த கார்ப்பிலோவும், கார்பன் மொதல்ல ஏறறது மூணு கார்பன் பொருள்ல இல்ல, நாலு கார்பன் இருக்கற அமிலத்துலன்னு பாத்தாங்க. 1966-ல ஆஸ்திரேலியால ஹேட்ச், ஸ்லாக் ரெண்டு பேரும் கரும்பு இலைய வெச்சு முழுப் பாதையையும் வெளக்கினாங்க. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி 1920-கள்லயே நம்ம ஜகதீஷ் சந்திர போஸ் தண்ணிக்குள்ள வளர்ற வேலம்பாசிச் செடிய வெச்சு பாத்துகினு இருக்கும்போது, கோடைல எடுக்கற வேலம்பாசி மாலிக் அமிலத்த வெச்சு வேற மாதிரி வேலை செய்யுதுன்னு எழுதி வெச்சிட்டாரு. அப்போ யாருக்கும் அது புரியல.

ரணகள்ளி நேரத்தால பிரிக்குது, கரும்பும் கேவுரும் (கேழ்வரகு) எடத்தால பிரிக்குது. வெளி செல்லுல வேற ஒரு நொதி, அது ஆக்சிஜன கிட்டயே சேக்காது, கார்பன் டை ஆக்சைட புடிச்சு அமிலமாக்கி உள்பக்கம் நரம்ப சுத்தி இருக்கற செல்லுக்குத் தள்ளும். அங்க அமிலம் ஒடைஞ்சு கார்பன் டை ஆக்சைடு நெறைய தேங்கும், ரூபிஸ்கோ அங்க மட்டும் தான் இருக்கு, தடுமாற வழியே இல்ல. கேவுரு இலைய குறுக்கால பிளேடுல மெல்லிசா சீவி சாதாரண ஸ்கூல் மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாருங்க, ஒவ்வொரு நரம்ப சுத்தியும் கரும்பச்சையா ஒரு வளையம் தெரியும். நெல்லு இலைல அதே எடம் வெளுத்துப் போயி கெடக்கும். தெரு முனைல டியூஷன் வர்ற பசங்களுக்குக் காட்டினேன், ரெண்டும் புல்லு தானேன்னு கேட்டவங்க அந்த வளையத்தப் பாத்துட்டு கண்ண எடுக்கல.

இதுக்கு இலை ஒவ்வொரு கார்பனுக்கும் கூடுதலா சக்தி செலவு பண்ணணும். குளிர் தேசத்துல அது வீண் செலவு. நம்ம ஊர்ல வெளிச்சம் தான் மிஞ்சிக் கெடக்குதே, அதனால 30 டிகிரிக்கு மேல இந்த நாலு கார்பன் கூட்டம், அதாவது சி-4, முந்திக்கும், ஒரு கார்பன் டை ஆக்சைடுக்கு தண்ணியும் 150 மூலக்கூறு போல தான் ஆவும். நம்ம பெரியவங்க சாப்ட்ட கேவுரு, கம்பு, சோளம், ஜவ்வாது மலை சாமை எல்லாமே இந்தக் கூட்டம். நெல்லு, மல்லாட்டை, இலவம்பாடி முள்ளு கத்திரி, மா, தென்னை எல்லாம் சி-3. கரும்ப மட்டும் தனியா சொல்லணும், அது இலைக் கணக்குல சிக்கனம் தான், ஆனா பத்து பன்னெண்டு மாசம் நெலத்துலயே நிக்குது, அதனால மொத்தத் தண்ணி எக்கச்சக்கம். சி-4 ன்னாலே தண்ணி கம்மின்னு யாராச்சும் பொத்தாம்பொதுவா சொன்னா நம்பாதீங்க.

காத்துல கார்பன் டை ஆக்சைடு கூடினா செடிக்கு நல்லது தானேன்னு ஒரு பேச்சு ஓடுது. பாதி உண்மை. நெல்லுக்கு ரூபிஸ்கோ தடுமாறறது கொஞ்சம் கொறையும். ஆனா அந்தக் காத்துல வெளைஞ்ச நெல்லுல, கோதுமைல துத்தநாகமும் இரும்புச்சத்தும் கொறையுதுன்னு 2014-ல வந்த பெரிய ஆய்வு சொல்லுது, சி-4 தானியத்துக்கு அந்த பாதிப்பு கம்மி. கூடவே சூடும் ஏறும். நெல்லையே சி-4 ஆ மாத்திடலாம்னு பிலிப்பைன்ஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல ஆரம்பிச்ச வேலை பல நாட்டுல இன்னும் ஓடுது, அது ஜெயிக்கணும்னு நான் மனசார வேண்டிக்கறேன். ஆனா அது வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், அந்த வேலைய ஏற்கெனவே முடிச்ச ஒரு தானியம் நம்ம கூழுப் பானைலயே இருக்கு.

இதெல்லாம் சித்தப்பா கிட்ட ஒரு சாயந்தரம் உக்காந்து சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "ஏம்மா, இலை கணக்கு எல்லாம் சரி. நெல்லுன்னா மூட்டைய நேரா கொள்முதல் நிலையத்துல எறக்கிடுவேன். கேவுரு போட்டா இன்னா வெலைக்குப் போவும், யாரு வாங்கறது?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. தர்மபுரியிலயும் நீலகிரியிலயும் ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா கேவுரு குடுக்க 2023-ல ஆரம்பிச்சாங்க, அந்த மாதிரி வாங்கற கை நம்ம பக்கம் பெருகினா தான் போடற கையும் பெருகும். இப்போதைக்கு கெணத்தடி கழனில நெல்லு, மேட்டுக் கொல்லியில கேவுருன்னு பேசி வெச்சிருக்கோம். வெளையறத எடுத்துக்க எங்க தெருவுல வீடு வீடா கேட்டுகினு இருக்கேன், ஆயா மொத ஆளா பத்து படி சொல்லி வெச்சிருக்கு.